குதிரைவலுவும் புகையும்: டேர்போ கார்களின் நூறாண்டுக் கணக்கு

மோட்டார் வாகனங்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதியுள்ளனர். அந்த வேகத்தின் பின்னால் எழுந்த புகையை அவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு காரின் வலுவைத் தீர்மானித்தது எஞ்சினை வடிவமைத்த பொறியியலாளர் மட்டுமல்லர். புகையை அளந்த இரசாயனவியலாளரும் சட்டம் இயற்றிய அரசியல்வாதியும் அவருக்கு அருகே அமர்ந்திருந்தார்கள். இந்த மூவரும் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டிய களம் டேர்போ எஞ்சின். ஆகவே அதன் கதையை வாசகர்களோடு சற்று விரிவாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகின்றது. அந்த வீணாகும் சக்தியைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதன் மறுமுனையிலுள்ள விசிறியால் எஞ்சினுக்குள் மேலதிக வளியைத் திணிக்கலாம் என்ற எண்ணத்துக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூச்சி. கூடுதல் வளி உள்ளே சென்றால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அதே அளவு எஞ்சினிலிருந்து கூடுதல் வலுவைப் பெறலாம். கப்பல்களும் விமானங்களும் இந்த உத்தியை முதலில் பற்றிக்கொண்டன. காருக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்பயர், செவர்லே கோர்வெயர் ஸ்பைடர் என இரு டேர்போ கார்களைச் சந்தைக்கு விட்டது. ஜெற்பயரின் எஞ்சின் 215 கன அங்குலம். வலுவும் 215 குதிரைவலு. அழகான கணக்குத்தான். ஆனால் அதிக அமுக்கத்தில் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி வெடித்து எஞ்சினை உள்ளிருந்து இடித்தது. அதைத் தடுப்பதற்காக நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் நிரப்பவேண்டும் என்றார்கள். பெற்றோலுக்கு மேலதிகமாக இன்னொன்றை நிரப்புவதற்கு எந்த மனிதருக்குப் பொறுமை இருக்கும்? பலர் நிரப்பவில்லை. ஈற்றில் அந்த நிறுவனமே உரிமையாளர்களின் கார்களிலிருந்து டேர்போவை இலவசமாகக் கழற்றிக் கொடுத்தது.

இதே காலத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 1943ஆம் ஆண்டு முதல் அந்நகரைச் சூழ்ந்த கண்ணெரிக்கும் புகைமூட்டம் எங்கிருந்து வருகின்றது என்பதை நெதர்லாந்தில் பிறந்த இரசாயனப் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மித் கண்டறிந்தார். எரியாமல் வெளிவரும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியில் இணைந்து அந்த மூட்டத்தை உருவாக்குகின்றன என்றார் அவர். பெற்றோலியக் கம்பனிகள் அவரை எதிர்த்தன. ஆனால் விஞ்ஞானம் அவர் பக்கம் நின்றது. 1970இன் கடைசி நாளன்று ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட தூய வளிச் சட்டம், காரின் நச்சு வாயுக்களைச் சில ஆண்டுகளுக்குள் 90 வீதம் குறைக்குமாறு கட்டளையிட்டது. அது இயலாத காரியம் என்று கார்க் கம்பனிகள் கூக்குரலிட்டுக் கால அவகாசங்களையும் பெற்றுக்கொண்டன. எனினும் 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் ஊக்கி மாற்றி பொருத்தப்பட்டது. ஈயம் அந்த ஊக்கியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் பெற்றோலிலிருந்து ஈயமும் விடைபெறத் தொடங்கியது. (நமது நாட்டில் அது 2002 வரை விடைபெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ 1973இல் 170 குதிரைவலு கொண்ட 2002 டேர்போ காரை அறிமுகம் செய்தது. எண்ணெய் நெருக்கடி அதன் கதையைச் சுருக்கிவிட்டது. 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது. கொடுத்தால் முழு வலு, இல்லையேல் ஒன்றுமில்லை என்ற குணமுள்ள முரட்டு வாகனம் அது.

கதையைத் திசைதிருப்பியது சுவீடனின் சாப் நிறுவனம். புதிய பெரிய எஞ்சின் ஒன்றை உருவாக்க அவர்களிடம் பணம் இருக்கவில்லை. ஆனால் 1969இல் அவர்களோடு இணைந்த ஸ்கானியா நிறுவனத்திடம் லொறி எஞ்சின்களுக்கு டேர்போ பொருத்திய நீண்ட அனுபவம் இருந்தது. பேர் கில்பிராண்ட் என்ற பொறியியலாளரும் அவரது குழுவினரும் ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு நேர்மாறாகச் சிந்தித்தார்கள். பெரிய டேர்போவைப் பொருத்தி உச்ச வேகத்தைத் தேடாமல், சிறிய டேர்போவைப் பொருத்தி, குறைந்த சுழற்சியிலேயே அது வேலை செய்யுமாறு அமைத்தார்கள். அமுக்கம் எல்லை மீறும்போது புகையைத் திசைதிருப்பிவிட ஒரு வால்வையும் வைத்தார்கள். 1977இல் பிராங்க்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட சாப் 99 டேர்போவின் 2 லீற்றர் எஞ்சின் 145 குதிரைவலுவைத் தந்தது. டேர்போ இல்லாத அதன் சகோதரக் கார் தந்தது 118. சாதாரணமாக ஓடும்போது சிறிய எஞ்சின், முந்திச் செல்லும்போது மட்டும் பெரிய எஞ்சின் என்பதே அவர்களுடைய வாதம்.

வலுவையும் தூய்மையையும் ஒரே வண்டியில் ஏற்றுவதற்குத் தேவையான மற்றொரு கருவியும் சுவீடனிலிருந்துதான் வீதிக்கு வந்தது. புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசனை அளக்கும் லம்டா உணரியை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் தயாரிக்க, வொல்வோ நிறுவனம் 1976இல் கலிபோர்னியாவுக்கான கார்களில் பொருத்தியது. ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி என்ற விகிதம் பேணப்பட்டால்தான் ஊக்கி மாற்றி காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு ஆகிய மூன்றையும் ஒருசேர அழிக்கும். கொஞ்சம் பிசகினாலும் ஒன்று தப்பிவிடும்.

எஞ்சின் இடிக்கும் பிரச்சினை மட்டும் எஞ்சியிருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் தங்கமாகிப்போன அந்நாட்களில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் ஏற்றத்தில் எழுப்பிய அந்த 'டக டக' ஓசைதான் அது. பழைய எஞ்சின்களின் குறைந்த அமுக்கமே அவற்றைக் காப்பாற்றியது. டேர்போ எஞ்சினாக இருந்திருந்தால் பிஸ்டன் ஒரு வாரம் தாங்கியிருக்காது.

கில்பிராண்டின் விடை எளிமையானது. எஞ்சினின் உடலில் ஒரு 'காது' பொருத்தினார். இடிக்கத் தொடங்கும் ஓசையை அது கேட்டவுடன் இலத்திரனியல் கட்டுப்பாட்டுப் பெட்டி டேர்போவின் அமுக்கத்தைக் குறைக்கும். இடி நின்றதும் மீண்டும் கூட்டும். ஏ.பி.சி. எனப்பட்ட இம்முறை எண்பதுகளின் தொடக்கத்தில் சாப் 900 டேர்போவுக்கு வந்தது. முன்னர் 7.2 ஆக இருந்த அமுக்க விகிதத்தை 8.5 ஆக உயர்த்த முடிந்தது. எரிபொருள் சிக்கனமும் கிடைத்தது. ஜெற்பயரின் திரவத் தாங்கி செய்யத் தவறியதை ஓர் ஒலிவாங்கியும் ஒரு வால்வும் செய்துமுடித்தன. என் கணிப்பில் டேர்போ வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

ஆயினும் டேர்போவுக்கும் ஊக்கி மாற்றிக்கும் இடையே இயல்பான பகை ஒன்றுண்டு. ஊக்கி மாற்றி சூடேறினால்தான் வேலை செய்யும்; காலையில் கார் புறப்படும்போது அந்தச் சூட்டை டேர்போவின் இரும்பு முதலில் உறிஞ்சிக்கொள்கின்றது. முழு வலுவில் ஓடும்போதோ புகை அளவுக்கு மீறிச் சூடாகும். அதைத் தணிக்க மேலதிக பெற்றோலைத் தெளிப்பார்கள். 14.7 என்ற கணக்கு அங்கே குலைந்து, காபனோரொட்சைட்டு பெருகும். வலுவைக் கூட்ட விரும்புகின்ற எவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

எண்பதுகளின் பின் காரின் மூளை கணினியானபோது, அதன் சில்லைக் கழற்றி வேறொன்றை மாட்டி வலுவைக் கூட்டித்தரும் கடைகள் பெருகின. கலிபோர்னியா இதை முற்றாகத் தடைசெய்யவில்லை. வலுவூட்டும் பாகத்தைத் தயாரிப்பவர் அது புகையைக் கூட்டாது என்று பரிசோதித்து நிரூபித்தால், மாநில வளி வளச் சபை ஓர் அனுமதி இலக்கத்தை வழங்கும். நேர்மையான வழி அது. செலவும் தாமதமும் அதிகம் என்பதால் பலர் குறுக்கு வழியை நாடினார்கள்.

குறுக்கு வழியில் சென்றவர்களுள் மிகப்பெரியவர், தெருமுனைக் கராஜ்காரர் அல்லர், வொக்ஸ்வாகன் நிறுவனம். 2013இல் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகக் குழுவொன்று டேர்போ டீசல் கார்களை ஆய்வுகூடத்தில் அல்லாமல் வீதியில் ஓட்டி அளந்தது. ஆய்வறிக்கையை எழுதியோர் பட்டியலில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பெயர் தமிழ் வாசகரின் கண்ணில் உடனே படும். ஜெட்டா கார் அனுமதிக்கப்பட்டதைப் போல் 15 முதல் 35 மடங்கு நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கியது. பசாட் 5 முதல் 20 மடங்கு. உடன் சோதிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ வாகனம் பெரும்பாலும் எல்லைக்குள் நின்றது. அதாவது, செய்யமுடியாத காரியமல்ல அது. ஸ்டியரிங் சக்கரத்தின் நிலை, வேகம், ஓடிய நேரம் ஆகியவற்றைக் கொண்டு தான் பரிசோதிக்கப்படுவதைக் காரின் கணினி உணர்ந்து, அந்நேரத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்தது. 2015 செப்டெம்பரில் குட்டு வெளிப்பட்டபோது உலகெங்கும் 1 கோடி 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. 2016இல் அமெரிக்காவில் எட்டப்பட்ட இணக்கத்தின் பெறுமதி 14.7 பில்லியன் டொலர் வரை. அந்த எண்ணைப் பார்த்து எஞ்சின் பொறியியலாளர்கள் கசப்புடன் சிரித்திருப்பார்கள்.

தனிமனிதர்களின் கணக்கும் சிறிதல்ல. புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் கழற்றப்பட்ட டீசல் பிக்கப் வாகனங்கள் 5,50,000க்கும் அதிகம் என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2020இல் மதிப்பிட்டது. அவற்றின் மேலதிகப் புகை, மேலும் 90 இலட்சம் வாகனங்களை வீதியில் இறக்கியதற்குச் சமமாம்.

2021 ஜூலை முதல் கலிபோர்னியாவின் புகைப் பரிசோதனை நிலையங்கள் புகைக்குழாயோடு நிற்பதில்லை. காரின் கணினியிலுள்ள மென்பொருளின் அடையாளத்தையும் வாசிக்கின்றன. தயாரிப்பாளருடைய மென்பொருளோ, சபையின் அனுமதி இலக்கம் பெற்ற மென்பொருளோ இருந்தால் கார் தேறும். வேறெதுவும் இருந்தால், பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிக்கொண்டு வரும்படி உரிமையாளரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.