ஒரு மைனஸ் குறியும் மியூவானும்

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் ஓர் எண்ணை வெளியிட்டது. மியூவான் என்ற துகள் எவ்வளவு வலுவான காந்தம் என்று சொல்லும் எண். கோட்பாட்டின் கணக்குக்கும் அளவீட்டுக்கும் இடையே 2.6 சிக்மா விலகல். தற்செயலாக இப்படி நடக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். ஆனால் அதுவரை யார் காத்திருப்பார்கள்? சில வாரங்களிலேயே விளக்கக் கட்டுரைகள் குவியத் தொடங்கிவிட்டன.

மியூவானை எலக்ட்ரானின் குண்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 207 மடங்கு, ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. 1936இல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் காஸ்மிக் கதிர்களில் அதைப் பார்த்தபோது அதற்கு எந்தக் கோட்பாட்டிலும் இடமில்லை. இதை யார் ஆர்டர் செய்தது என்று இசிடோர் ராபி கேட்டதாகச் சொல்வார்கள்.

டிராக்கின் 1928ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி, இப்படிப்பட்ட துகளின் காந்த வலிமையைக் குறிக்கும் g சரியாக 2. ஆனால் வெற்றிடம் சும்மா இருப்பதில்லை. கணநேரத் துகள்கள் அதில் தோன்றி மறைகின்றன, g கொஞ்சம் கூடுகிறது. முதல் திருத்தத்தை 1948இல் கணக்கிட்டவர் ஜூலியன் ஷ்விங்கர். அந்தச் சூத்திரம் அவர் கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. இயற்கையில் உள்ள எல்லாத் துகள்களும் இந்தக் கணக்கில் கைவைக்கும், நாம் இன்னும் பார்க்காதவையும் சேர்த்து. கனமான புதிய துகள் ஒன்று இருந்தால், அதன் பாதிப்பு எலக்ட்ரானைவிட மியூவானில் ஏறக்குறைய 43,000 மடங்கு அதிகமாகத் தெரியும். கணக்கு இடித்தால் அறிமுகமில்லாத யாரோ உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அல்லது கணக்கே தப்பு.

2001இல் பெரும்பாலோருக்குப் பிடித்த அறிமுகமில்லாத ஆள் சூப்பர்சிமெட்ரி. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கனமான ஜோடி உண்டு என்னும் கோட்பாடு அது. விலகலின் அளவும் அதற்குத் தோதாகவே இருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் மார்க் நெக்டும் ஆந்த்ரெயாஸ் நைஃபெலரும் கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு பகுதியை மறுபடி போட்டார்கள். பையான் என்ற துகள் வழியாக வரும் திருத்தம் அது. முன்பு இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டுமே அதை மைனஸ் என்று சொல்லியிருந்தன. இவர்களுக்குப் பிளஸ் வந்தது.

மைனஸ் சொன்ன ஒரு குழுவில் இருந்தவர்கள் மசாஷி ஹயகாவாவும் டோய்ச்சிரோ கினோஷிட்டாவும். கினோஷிட்டா இந்தக் கணக்குக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர். தேடியபோது பிழை இயற்பியலில் இல்லை, அவர்கள் பயன்படுத்திய ஃபார்ம் என்ற இயற்கணித மென்பொருளைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. எப்சிலான் டென்சர் ஒன்றை அதனுடனேயே பெருக்கினால், காலமும் வெளியும் சேர்ந்த நம் உலகில் -24 வர வேண்டும். ஃபார்ம் எந்த வெளியானாலும் +24 என்றே எடுத்துக்கொள்ளும். அது பக் கூட இல்லை, அந்த மென்பொருளின் மரபு. டிசம்பரில் இருவரும் இதை வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். விலகல் 1.6 சிக்மாவாகச் சுருங்கியது.

கோட் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என்னை உறுத்துவது அந்த மைனஸ் குறி அல்ல. இரண்டு குழுக்களின் விடைகளும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லையே, அதுதான்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கூடுதல் தரவுகள் வரவர விலகல் மறுபடி 3 சிக்மாவைத் தாண்டியது. லெப்டோகுவார்க்குகள் வந்தன. மியூவானையும் டௌவையும் மட்டும் தொட்டு எலக்ட்ரானை விட்டுவிடும் புதிய விசை வந்தது. டார்க் போட்டான் வந்தது. கேயான்களை ஆராய்வதற்காக செர்னில் பதிவான பழைய தரவுகளை என்ஏ48/2 குழு வேறு கண்ணோடு அலசி, 2015இல் டார்க் போட்டானின் எளிய வடிவத்தைத் தள்ளுபடி செய்தது. எல்ஹெச்சியில் சூப்பர்சிமெட்ரி ஜோடி ஒன்றுகூடச் சிக்கவில்லை.

2013இல் புரூக்ஹேவனின் 15 மீட்டர் அகலக் காந்த வளையத்தைப் படகில் ஏற்றி, ஃபுளோரிடாவைச் சுற்றி மிசிசிப்பி வழியாகச் சிகாகோ அருகே ஃபெர்மிலாபுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 5,000 கி.மீ. பயணம். 2021 ஏப்ரல் 7 அன்று அங்கிருந்து முடிவு வந்தது: பழைய எண்ணோடு ஒத்துப்போகிறது, விலகல் 4.2 சிக்மா. உலகமெங்கும் தலைப்புச் செய்தி.

அதே நாளில் நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரை வெளியானது. அதை அன்று கவனித்தவர்கள் குறைவு. குவார்க்குகள் சம்பந்தப்பட்ட திருத்தத்தை அதுவரை எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் தரவுகளிலிருந்து எடுத்துவந்தார்கள். புடாபெஸ்ட்-மார்செய்-வுப்பர்டால் குழு, வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாக வெட்டி, சூப்பர்கம்ப்யூட்டரில் அதை நேரடியாகக் கணக்கிட்டது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டால் விலகல் பெரிதும் குறைந்தது. 2023இல் நோவோசிபிர்ஸ்க்கின் சிஎம்டி-3 சோதனையும் பழைய மோதல் தரவுகளோடு முரண்பட்டது.

2025 மே மாதம் கோட்பாட்டாளர்கள் கட்ட முறைக் கணக்குகளை வைத்தே புதிய மதிப்பைத் தந்தார்கள். ஜூன் 3 அன்று ஃபெர்மிலாப் இறுதி முடிவை வெளியிட்டது, நூறு கோடியில் 127 பங்கு துல்லியத்தில். இரண்டும் பொருந்துகின்றன. அளந்தவர்கள் 2001லிருந்தே சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள். புதிய இயற்பியல் தேடியவர்களை இதற்காகக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையில் இருந்த கணக்கை நம்பித்தானே அவர்கள் கிளம்பினார்கள்.

இப்போது இடிப்பது வேறு கணக்கு. பழைய மோதல் தரவுகளும், சிஎம்டி-3உம், சூப்பர்கம்ப்யூட்டரும் ஏன் ஒன்றாகப் பேசவில்லை என்பதற்கு இன்னும் விடை இல்லை. அந்தச் சண்டைக்குரிய பகுதியை மூன்றாவது வழியில் அளக்க, செர்னில் மியூஆன்ஈ என்ற சோதனை தயாராகிறது. வழி எளிமையானதுதான்: மியூவான்களை எலக்ட்ரான்கள் மேல் மோதவிட்டு, எந்தக் கோணத்தில் சிதறுகின்றன என்று பார்ப்பது.