ஃபிரேம் கணக்கும் கள்ளக் கணக்கும்

கணினி விளையாட்டுக்காரர்களிடம் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது ஓர் எண்: நொடிக்கு எத்தனை ஃபிரேம், சுருக்கமாக எஃப்பிஎஸ். 30 என்றால் முகம் சுளிப்பு, 60 என்றால் திருப்தி, 144 என்றால் பெருமை. இதைவிட நேரான அளவுகோல் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், இந்த எண் விலைச்சீட்டாக மாறிய போதெல்லாம், வேலையைச் செய்யாமலே எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டும் வழியை யாராவது கண்டுபிடித்திருக்கிறார்கள். அளப்பவர்களும் ஒவ்வொரு முறையும் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டி வந்திருக்கிறது.

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ நொடிக்கு 35 ஃபிரேமைத் தாண்டாது. அது ஓடிய 320×200 விஜிஏ திரை நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. விளையாட்டின் உள்கடிகாரம் அதில் சரிபாதி. 386 கணினி வைத்திருந்தவருக்கு அந்த 35-ம் எட்டாக்கனி. அவருக்குக் கைகொடுத்தவை இரண்டு விசைகள். கழித்தல் குறியை அழுத்த அழுத்தக் காட்சி சுருங்கிக்கொண்டே போகும். சுற்றிலும் காலியான இடத்தை ஒரு பின்னணி வடிவம் நிரப்பும். எஃப்5 அழுத்தினால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும்; சுவரும் பூதமும் கட்டம் கட்டமாகத் தெரியும், ஓட்டம் மட்டும் இலகுவாகும். அழகைக் கொடுத்து வேகத்தை வாங்கும் இந்தப் பேரம்தான் இன்று நிழல், டெக்ஸ்சர், ரெசொல்யூஷன் ஸ்கேல் என்று பக்கம் பக்கமாக நீளும் செட்டிங்ஸ் பட்டியலுக்கு மூதாதை. ‘டூமில்’ இன்னொரு வசதியும் இருந்தது: டைம்டெமோ. பதிவு செய்துவைத்த ஓர் ஆட்டத்தைக் கணினி தன்னால் முடிந்த வேகத்தில் ஓட்டிக்காட்டி, எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடைசியில் சொல்லிவிடும். எல்லாக் கணினிக்கும் ஒரே ஆட்டம், ஒரே காட்சி. அளவுகோல் பிறந்தது இப்படித்தான்.

பிறந்த புதிதில் அது நேர்மையாகவே உழைத்தது. 1996 ஜூனில் வந்த ‘குவேக்’ தசமப் புள்ளிக் கணக்கை ஏராளமாகக் கேட்டது. அதன் நிரலை எழுதியவர்களில் ஒருவரான மைக்கேல் அப்ராஷ், சுவர்களின் கோணத்தைச் சரிசெய்யும் வகுத்தலை 16 புள்ளிகளுக்கு ஒருமுறை மட்டும் செய்தார். பென்டியம் அந்த வகுத்தலில் ஈடுபட்டிருக்கும்போதே மற்ற புள்ளிகளை வரைந்து முடிக்கும்படி நிரலை அமைத்தார். அன்று பென்டியத்துக்குப் போட்டியாக மலிவு விலையில் விற்ற சைரிக்ஸ் 6x86, தன் பெயரிலேயே ‘166+’ என்று பென்டியத்துக்கு நிகரான வேகத்தை எழுதிக்கொண்டது. அலுவலக வேலைகளில் அது பொய்யல்ல. ‘குவேக்’ டைம்டெமோவை ஓட்டியதும் தசமக் கணக்கில் அதற்கிருந்த பலவீனம் வெளிச்சமாகிவிட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ‘குவேக்’ 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டில் ஓடத் தொடங்கியபின், கார்டு விற்பனையே ஃபிரேம் எண்ணிக்கையைச் சுற்றி அமைந்தது. எண்ணுக்குப் பணமதிப்பு வந்தாயிற்று. வில்லங்கமும் கூடவே வந்தது.

2001 அக்டோபரில் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டை ஆராய்ந்த ஹார்டுஓசிபி தளம், ‘குவேக் 3’ நிரலுக்குள் ‘குவேக்’ என்ற பெயர் வரும் இடமெல்லாம் ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டிப் பார்த்தது. பெயர் மாறியதுமே வேகம் குறைந்தது, படம் மட்டும் தெளிவானது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அந்த விளையாட்டைப் பெயரால் அடையாளம் கண்டு, யாருக்கும் சொல்லாமல் டெக்ஸ்சரின் தரத்தைக் குறைத்து ஃபிரேமை ஏற்றியிருக்கிறது. 2003 மே மாதம் என்விடியாவின் முறை. 3டிமார்க்03 சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும் என்பதால், அந்தப் பாதையிலிருந்து தெரியாத இடங்களை வரையாமலே டிரைவர் தவிர்த்தது. கேமராவைப் பாதையிலிருந்து விலக்கினால் காட்சி சிதைந்து கிடந்தது. சோதனையை நடத்திய ஃபியூச்சர்மார்க் ஒரு திருத்தம் வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24 சதவீதம் சரிந்தது. மறுமாதமே என்விடியாவும் ஃபியூச்சர்மார்க்கும் கூட்டறிக்கை விட்டு, அது ஏமாற்று அல்ல, ‘மேம்படுத்தல்’ என்று சமாதானமாகிக்கொண்டது தனிக் கூத்து.

ஒரு விளையாட்டுக்கென்று டிரைவரைச் சீர்செய்வது குற்றமா என்று கேட்கலாம். குற்றமல்ல; இன்றும் பெரிய விளையாட்டு வரும்போதெல்லாம் அதற்கென்று டிரைவர் வருகிறது. அதே படத்தை விரைவாக வரைந்தால் அது திறமை. படத்தைக் குறைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டினால், செட்டிங்ஸ் பட்டியலில் விளையாடுபவர் தானே முடிவெடுக்க வேண்டிய பேரத்தை அவருக்குத் தெரியாமல் முடித்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

யாரும் ஏமாற்றாதபோதும் அந்த எண் பொய் சொல்லும் என்பது 2011-ல்தான் உறைத்தது. ‘டெக் ரிப்போர்ட்’ ஆசிரியர் ஸ்காட் வாசன் அந்தச் செப்டம்பரில் எழுதிய கட்டுரையில், நொடிக்கு எத்தனை என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லிவினாடி எடுத்தது என்று கணக்குப் போட்டார். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேருந்துகள் என்று அறிவித்துவிட்டுப் பன்னிரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேரத்தில் விட்டால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு என்ன பயன்? ஒரு ஃபிரேம் மட்டும் 200 மில்லிவினாடி இழுத்து, மீதி 59-ம் 800 மில்லிவினாடிக்குள் ஓடிவிட்டால் கணக்கில் 60 எஃப்பிஎஸ். கண்ணுக்கோ பட்டென ஒரு வெட்டு. 2013-ல் வந்த எஃப்கேட் கருவி ஒவ்வொரு ஃபிரேமின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டையைப் பூசி, திரைக்குப் போகும் காட்சியை அப்படியே பதிவு செய்தது. ஏஎம்டியின் இரட்டைக் கார்டு அமைப்பில் சில ஃபிரேம்கள் சில வரி உயரத்துக்கு மட்டுமே திரையில் தலைகாட்டியது அதில் தெரிந்தது. கண்ணில் படாத அந்தக் கீற்றுகளும் முழு ஃபிரேம்களாகவே எண்ணப்பட்டு வந்தன. இத்தனைக்கும் எஃப்கேட் போட்டி நிறுவனமான என்விடியா உருவாக்கியது. ஆனாலும் கண்டது உண்மைதான். அந்த ஆகஸ்டிலேயே ஏஎம்டி டிரைவரைத் திருத்தியது.

சினிமா 24 ஃபிரேமில் ஓடவில்லையா, கண்ணுக்கு அதற்கு மேல் எதற்கு என்பது பழைய வாதம். பேசும்படம் வந்தபோது நிலைபெற்ற வேகம் அது. கேமரா ஷட்டர் திறந்திருக்கும் நேரத்து அசைவு ஒவ்வொரு ஃபிரேமிலும் கலங்கலாகப் பதிவதால் தாவல் தெரிவதில்லை. அதோடு, சினிமா நம் கைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டு சொல்ல வேண்டும். சில நேரம் விளையாட்டின் விதிகளே ஃபிரேமோடு பிணைந்துவிடுகின்றன. ‘குவேக் 3’-ல் 125 எஃப்பிஎஸ் வைத்தவர் சற்று உயரமாகத் தாவ முடிந்தது. ‘டார்க் சோல்ஸ் 2’ கணினிப் பதிப்பில் 60 ஃபிரேமில் ஆடியவரின் வாள், 30-ல் ஆடியவரின் வாளைவிட இருமடங்கு வேகமாகத் தேய்ந்தது.

கை கேட்கும் இந்தப் பதில்தான் இன்றைய சர்ச்சையின் மையம். 2022-ல் என்விடியா டிஎல்எஸ்எஸ் 3 மூலம், வரைந்த இரு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலருக்கு அறிமுகமான 4090-க்கு நிகர் என்று மேடையில் அறிவித்ததும், வரைந்த ஒன்றுக்கு மூன்று என்று செருகிய ஃபிரேம்களையும் சேர்த்துத்தான். கண்ணுக்கு இதமாகத்தானே இருக்கிறது, பிறகென்ன என்பார்கள். அடிப்படை வேகம் 60-ஐ ஒட்டி இருந்தால் அது ஓரளவு உண்மை. நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் விளையாட்டுகளில் இந்த வசதியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் செருக வேண்டுமென்றால் அடுத்த உண்மை ஃபிரேம் தயாராகும்வரை காத்திருந்தாக வேண்டும். 30-ஐ 120 ஆக்கிக் காட்டலாம். மவுஸைச் சொடுக்கினால் பதில் வருவது 30-ன் வேகத்தில், அதற்கும் சற்றுத் தாமதமாக. வாங்குபவர் காசு கொடுப்பது அந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான். ஆகவே புதிய கார்டு வாங்கப் போகிறவர்கள் விளம்பரப் பட்டையை நம்பாமல், ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்தால் என்ன எண் வருகிறது, மிக மந்தமான ஒரு சதவீத ஃபிரேம்கள் எந்த வேகத்தில் வருகின்றன என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டில் ஒன்றை மறைக்கும் ஒப்பீட்டை ஒதுக்கிவிடுங்கள்.