இளநிலை மருந்தியல் படிப்பு (பி.பார்ம்.)

இந்தியாவில் பி.பார்ம். எட்டுப் பருவங்கள் கொண்ட நான்காண்டுப் பட்டப்படிப்பு. 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் தொடங்கிய மருந்தியல் கல்வி இதன் முன்னோடி. கரிம வேதியியல், உடலியங்கியல், மருந்து வடிவாக்கம், மருந்துச் செயலியல், மூலிகை மருந்தியல், பகுப்பாய்வு, மருந்துச் சட்டம் ஆகியவை முதன்மைப் பாடங்கள். பிளஸ் டூவில் உயிரியலோ கணிதமோ படிக்காதவர்கள் அந்தக் குறையை முதல் பருவத்திலேயே ஈடுகட்ட வேண்டும்.

மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு இவ்வளவு வேதியியல் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். 1968இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததே அதற்குப் போதிய விடை. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் கேப்ஸ்யூலில் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டை நீக்கிவிட்டு லாக்டோஸ் சேர்த்தார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் உடல் உறிஞ்சிய அளவு கூடியதால் நோயாளிகள் நச்சு விளைவுக்கு ஆளானார்கள். லேபிளில் உள்ள மில்லிகிராமை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த ஆபத்து பிடிபடாது. வடிவாக்கமும் வேதியியலும் சேர்ந்தால்தான் அது புலப்படும். மனப்பாடச் சுமை அதிகம் என்ற குறை நியாயமானது. அதற்காகப் பாடங்களை வெட்டக் கூடாது; ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் பயிற்சியைக் கூட்ட வேண்டும். 2008இல் அறிமுகமான ஆறாண்டு பார்ம்.டி. படிப்பின் கடைசி ஆண்டு முழுவதும் அத்தகைய பயிற்சிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.