பாத்திரம் கழுவணும், மௌனமா உட்காரணும்... பிரான்சின் தேஜே கிராமத்துக்கு இளைஞர்கள் ஏன் போறாங்க?
பிரான்சின் பர்கண்டி பகுதியில் இருக்கும் குட்டி கிராமம் தேஜே. 1940-ல் இங்கு வந்த பிரதர் ரோஜர், போரில் தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். அவர்களில் யூதர்களும் உண்டு. பிறகு அவர் தொடங்கிய துறவிகள் குழுவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் சேர்ந்தே வாழ்கிறார்கள்.

இளைஞர்கள் பொதுவாக ஒரு வாரம் தங்குகிறார்கள். தினமும் மூன்று வேளை ஜெபம், நடுவில் நீண்ட மௌனம். பைபிள் பகுதியை வாசித்துவிட்டு, வேற நாட்டுக்காரங்களோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசலாம். சாப்பாடு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கழிவறை சுத்தம் எல்லாம் அவங்க வேலைதான். சந்தேகத்தோடு வருபவர்களுக்கும் இடம் உண்டு. அனல் பறக்கும் பிரசங்கம் கேட்கலாம்னு போனா ஏமாற்றம்தான்!

2005 ஆகஸ்ட் 16 அன்று மாலை ஜெபத்தின்போது 90 வயது ரோஜர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் பிறகும் இளைஞர்கள் வருவது நிற்கவில்லை.