மஞ்சள் மார்கரினும் ஆய்வக இறைச்சியும்

எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்பு. சைவக்காரர்களுக்கு மீல் மேக்கர் குழம்பு. "என்னடா, டூப்ளிகேட் கறியா?" என்று தட்டைப் பார்த்துக் கிண்டல் செய்வார்கள். கிண்டலோடு நின்றால் பரவாயில்லை. இத்தாலி 2023-இல் ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சிக்குத் தடை போட்டது. தாவர உணவுக்கு இறைச்சியின் பெயர் வைக்கக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலமும் 2024-இல் ஆய்வக இறைச்சியைத் தடை செய்தது. இதே நாடகம் 100 வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதன் கதாநாயகன் மார்கரின்!

பிரான்ஸ் மன்னர் மூன்றாம் நெப்போலியனுக்கு ராணுவத்துக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க மலிவான வெண்ணெய் தேவைப்பட்டது. 1869-இல் மேஜ்-மூரியே என்ற வேதியியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து அதைச் செய்து காட்டினார். அதுதான் மார்கரின். அமெரிக்காவில் இது பரவியதும் பால் பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1886-இல் மார்கரினுக்குத் தனி வரி வந்தது. வெண்ணெய் போலத் தெரிய மஞ்சள் நிறம் சேர்ப்பதை விஸ்கான்சின் மாநிலம் 1895-இல் தடை செய்தது. இளஞ்சிவப்புச் சாயம் பூசித்தான் விற்கவேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் போட்டது! அந்தச் சட்டம் செல்லாது என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விஸ்கான்சின் தடை மட்டும் 1967 வரை நீடித்தது. அதுவரை மக்கள் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸுக்குப் போய் மஞ்சள் மார்கரின் வாங்கி வந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையான ஆபத்து நிறத்தில் இல்லை. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் காப்புரிமை வாங்கப்பட்டது. பிறகு மார்கரினிலும், 1937-இல் இந்தியாவுக்கு வந்த டால்டாவிலும் அந்த முறைதான். அதில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. இந்தியாவில் 2% என்ற உச்சவரம்பு 2022-இல்தான் அமலுக்கு வந்தது. இத்தனை வருடம் சண்டை போட்டவர்கள் பெயரையும் நிறத்தையும் பார்த்தார்களே தவிர, உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை.

இப்போதும் அதே தவறு நடக்கிறது என்பது என் கருத்து. 2013-இல் மார்க் போஸ்ட் குழுவினர் பசுவின் தசைச் செல்களை வளர்த்துச் செய்த பர்கரை லண்டனில் சமைத்துக் காட்டினார்கள். அதன் செலவு சுமார் 2,50,000 யூரோ. செல்களை வளர்க்கக் கன்றுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் பயன்பட்டது. அப்படியானால் இது உயிர்வதை இல்லாத இறைச்சியா? செல்கள் எதில் வளர்கின்றன, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, தாவர பர்கரில் எவ்வளவு உப்பு இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். சிங்கப்பூர் பாதுகாப்பைச் சோதித்த பிறகு 2020-இல் உலகிலேயே முதலாவதாக விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. அது சரியான வழி.

கால்நடை வளர்ப்பவர்களின் பயம் பொய் இல்லை. அது அவர்களுடைய பிழைப்பு. ஆனால் தடை அவர்களைக் காப்பாற்றாது என்பதற்கு மார்கரினே சாட்சி. சோதித்துப் பார்த்து, உள்ளே இருப்பதை உறையில் தெளிவாக எழுதி விற்கட்டும். மீல் மேக்கர் பாக்கெட்டில் சோயா என்றுதான் எழுதியிருக்கிறது. தெரிந்தேதான் வாங்குகிறோம். குழம்பில் போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது!