தகரப் பேழையில் வந்த கடல்

குண்டலுபேட்டையில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கெட்டாத பொருள். கோழிக்கோட்டிலிருந்து வயநாட்டு மலையேறி, காடு கடந்து வரும் சாலையே கடல்மீன் நம்மூர் சேரும் வழி. வனவிலங்குகளின் நலம் கருதி 2009 முதல் அக்காட்டு வழியில் இரவுப் போக்குவரத்தும் தடுக்கப்பட்டுள்ளது. மீனோ காலந்தாழ்த்தலைப் பொறுக்காத பண்டம். ஆதலின், கடலை விட்டு அகன்று வாழும் மக்கள் மீனைக் கெடாமற் காத்து உண்ட வரலாறு நமக்கு அயலான செய்தி அன்று.

உப்பிட்டு உலர்த்துவதே நம் முன்னோர் கண்ட முறை. நெய்தல் நில மகளிர் மணற்பரப்பில் உணங்கும் மீனைப் பறவைகள் கவராமற் காத்ததைச் சங்கப் பாடல்களிற் காண்கிறோம். அந்நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாடு கொண்டு சென்றனர். கருவாடு அம்மரபின் வழி வந்ததே.

தகரப் பேழையோ மேனாட்டார் கண்டது. உணவைப் புட்டியில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைத்தால் நெடுநாள் கெடாது என்று பிரெஞ்சு நாட்டு நிக்கோலா அப்பேர் காட்டினார். 1810இல் அவருக்கு அரசு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் பீட்டர் டியூரண்ட் என்பார் தகரப் பேழைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1813இல் டொங்கின், ஹால் என்போர் இலண்டனில் ஆலை நிறுவினர். திறக்கும் கருவி மட்டும் பல்லாண்டு பின்தங்கியே வந்தது. அதுவரை உளியும் சுத்தியலுமே துணை! உணவு ஏன் கெடவில்லை என்பதன் காரணத்தையும், 1860களில் பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி விளக்கிய பின்னரே உலகம் தெளிவாக அறிந்தது.

இக்கலை நம் அருகிலும் வேர்விட முயன்றது. கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரடெரிக் நிக்கல்சன் 1906இல் ஜப்பான் சென்று மீன்தொழிலை ஆராய்ந்து மீண்டார். 1907இல் சென்னை மாகாண மீன்துறை தோன்றியது. அதன் முயற்சியால், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், பேப்பூருக்கு எதிர்க்கரையான சாலியத்தில், மத்தி மீனை டின்களில் அடைக்கும் பணி நடைபெற்றது. 1957இல் கொச்சியில் மத்திய மீன்தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. எனினும் பக்கத்துக் கடலின் பச்சை மீனும் கருவாடும் மலிவாகக் கிடைத்த நாட்டில் டின் மீன் அடுக்களைப் பொருளாகவில்லை.

அஃது அடுக்களைப் பொருளானது, கடல் கடந்து சென்ற தமிழரிடையேதான். மலேயாவில் சேவற்படம் பொறித்த மத்தி டின் பெரும்பெயர் பெற்றது. 1892இல் சிங்கப்பூரில் ஆல்பிரட் குளூவே என்னும் பிரெஞ்சு வணிகர் தொடங்கிய நிறுவனம் அது. மக்கள் அவர் பெயரை விட்டு, படத்தைக் கண்டு கோழி என்னும் மலாய்ச் சொல்லால் கேட்டனர். 'ஆயாம்' என்பதே அதன் பெயராய் நிலைத்தது.

இலங்கை மலையகத்திலும் அவ்வாறே. தேயிலைக் கொழுந்து கிள்ளி மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு மீன் கழுவவும் நறுக்கவும் பொழுது ஏது? டின் மீன் ஒன்று குடும்பம் முழுமைக்கும் குழம்பாயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பிறந்த மண் எது, போகும் மண் எது என்று தாள்களே தீர்மானித்த காலம் அது. அவ்வாறு வந்தோர் பலர், நம்மூரிலிருந்து காடு கடந்தால் அடையும் கூடலூர்ப் பகுதியில் குடியேறினர். 1968இல் தமிழ்நாட்டரசு அவர்க்கெனத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள் நாவின் நினைவை மட்டும் விட்டு வரவில்லை.

சமைக்கும் முறை எளிது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தக்காளியும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கொதித்தபின், மீனை இறுதியில் இட வேண்டும். முன்னரே வெந்த மீன் கிளறினால் உடைந்துவிடும். இறக்குமுன் சிறிது தேங்காய்ப்பால் ஊற்றினால் மலையக மணம் வரும். தேங்காய்த் துருவல் கலந்த ரொட்டி இதற்கு நல்ல இணை. ஆலையின் கடுஞ்சூட்டில் முள்ளும் மென்மையாவதால் குழந்தைகளும் முள்ளோடு உண்டு சுண்ணாம்புச் சத்துப் பெறலாம். உப்பிய டின்னை மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

டின் மீனை 'ஏழையின் கறி' என இகழ்வார் உளர். இகழ்ச்சிக்கு அதில் இடமில்லை. பிழைப்புத் தேடிப் பெயர்ந்தவரின் உழைப்பும் பிரிவும் அந்தச் சிறு பேழையில் அடங்கியுள்ளன. நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. நம் இல்லத்துப் பெரியோரிடம், அவர்கள் எங்கிருந்து வந்தனர், வழியில் என்ன உண்டனர் என்று இவ்வாண்டாவது கேட்டு எழுதி வைப்போம். எழுதாத வரலாறு, உப்பிடாத மீன் போல விரைவில் அழிந்துவிடும்.