லஞ்ச புகார் என்னாச்சு? 10 ரூபாயில் கேட்கலாம்! "விலக்கு" என்று பதில் வந்தால் விட்டுடாதீங்க

பட்டா மாற்ற பணம் கேட்டார்கள், முதியோர் பென்ஷனுக்கு கமிஷன் கேட்டார்கள் என்று லஞ்ச ஒழிப்பு போலீசில் மனு கொடுப்பவர்கள் ஏராளம். கொடுத்த மனு என்ன ஆனது என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைபவர்களும் ஏராளம். கூலி வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க வேண்டியது இல்லை. தகவல் அறியும் உரிமை சட்டத்தில் எழுதிக் கேட்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. லஞ்ச ஒழிப்பு போலீசின் முழுப்பெயர் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். 1964-ல் தொடங்கப்பட்ட இந்த துறைக்கு, தகவல் அறியும் உரிமை சட்டத்தில் இருந்து 2008-ல் தமிழக அரசு விலக்கு அளித்தது. அதனால் "இந்த அலுவலகத்துக்கு சட்டம் பொருந்தாது" என்று ஒரு வரியில் பதில் வரலாம். பலர் அத்தோடு விட்டு விடுகிறார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

விலக்கு தரும் அதே 24(4) பிரிவிலேயே, ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு இந்த விலக்கு கிடையாது என்றும் எழுதி இருக்கிறது. சி.பி.ஐ.க்கும் 24-வது பிரிவில் விலக்கு உண்டு. ஆனாலும் ஊழல் புகார் தகவல் விஷயத்தில் அது முழு விலக்கு ஆகாது என்று டெல்லி ஐகோர்ட்டு 2024-ல் கூறியது. எனவே மனுவிலேயே "24(4) பிரிவின்படி ஊழல் புகார் தொடர்பான தகவல் கோருகிறேன்" என்று ஒரு வரி சேர்த்து விடுவது நல்லது.

மனு எழுதுவது எப்படி?

வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். "பொதுத் தகவல் அலுவலர், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், ஆலந்தூர், சென்னை" என்று முகவரி போட்டு, 10 ரூபாய் கோர்ட்டு கட்டண ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. எதற்காக கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல தேவை இல்லை. எழுத தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டு வர தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் சட்டம்தான்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று சண்டை போடுவது போல கேட்டால் பயன் இல்லை. ஆவணமாக கேட்க வேண்டும். புகார் மனு பதிவான எண், தேதி, அது எந்த அதிகாரிக்கு அனுப்பப்பட்டது, விசாரணை முடிந்ததா, முடிந்திருந்தால் அறிக்கை நகல், மனு முடித்து வைக்கப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் நகல் என்று வரிசையாக கேட்கலாம். நகலுக்கு பக்கத்துக்கு 2 ரூபாய்.

விசாரணையை கெடுக்கும் தகவல், ரகசியமாக தகவல் கொடுத்தவரை காட்டிக் கொடுக்கும் தகவல், தனிநபர் விவரம் ஆகியவற்றை மறுக்க சட்டத்தில் இடம் உண்டு. அவற்றை கேட்டு மனுவை பலவீனமாக்க வேண்டாம்.

பதில் வராவிட்டால்?

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். இதற்கு கட்டணம் இல்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு போகலாம். உரிய காரணம் இல்லாமல் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாள் ஒன்றுக்கு ரூ.250 வீதம், அதிகபட்சம் ரூ.25 ஆயிரம் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

மனுவின் நகல், தபால் ரசீது இரண்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டில் நாள் கணக்கு பார்க்கும்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.